அயோடின்-131, சீசியம்-137: இரண்டு அரை ஆயுள்கள்

1986இல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது காற்றில் கலந்த கதிரியக்கப் பொருள்களுள் அயோடின்-131, சீசியம்-137 ஆகிய இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அரை ஆயுள் (ஒரு கதிரியக்கப் பொருளின் அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலம்) என்பதன் பொருள் நன்றாகவே விளங்கும். முன்னதற்கு அது சுமார் 8 நாள். பின்னதற்கு ஏறத்தாழ 30 ஆண்டு. 80 நாளில் அயோடின் பத்து முறை பாதியாகி 1024இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அதே 80 நாளில் சீசியம் நூற்றில் ஒரு பங்குகூடக் குறைந்திருக்காது. அதற்காக, அரை ஆயுள் குறைந்ததெல்லாம் சாது என்று எண்ணிவிடக் கூடாது. பலரும் சறுக்குவது இங்கேதான். சம எண்ணிக்கையில் அணுக்களை எடுத்துக்கொண்டால், தொடக்கத்தில் நொடிதோறும் சிதையும் அயோடின் அணுக்கள் சீசியத்தைவிட ஆயிரம் மடங்குக்கும் அதிகம். தைராய்டு சுரப்பி அயோடினை ஈர்த்துச் சேர்த்துக்கொள்வதால், முதல் சில வாரங்களில் பெரிதும் அஞ்ச வேண்டியது அதைத்தான். மண்ணில் படிந்த சீசியமோ, சிதைவால் மட்டும் பாதியாகக் குறைய 2016 வரை ஆயிற்று.