23 மரத்தையும் வெட்டாமல் 12 வீடு: எங்கள் இடத்துக்கு பிளான் போட்ட ஆர்க்கிடெக்ட் குழு எப்படி?

பெங்களூர் கனகபுரா ரோடு பக்கம் ஒன்றரை ஏக்கரில் 12 குடும்பங்கள் சேர்ந்து வீடு கட்டிக் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. சேலம், தருமபுரி, ஓசூர் என்று பாதிப்பேர் நம்ம ஊர்க்காரர்கள்தான். தனித்தனி வீடு, பொதுவாக ஒரு சமையற்கூடம், உள்ளே கார் கிடையாது. டென்மார்க்கில் 1972லேயே இப்படிச் சேர்ந்து வாழும் குடியிருப்பு வந்துவிட்டது, ஜெர்மனியில் ஃபிரைபர்க் நகரத்து வௌபான் பகுதியிலும் கார்களை ஓரமாக நிறுத்திவிட்டு நடந்துதான் போகிறார்கள், ஆனால் பெங்களூரில் இதைச் சொன்னபோது முதலில் பார்த்த இரண்டு ஆர்க்கிடெக்ட்களும் "மரத்தை எடுத்துட்டா இன்னும் நாலு வீடு வரும் சார்" என்றார்கள். இங்கே சொந்த நிலத்து மரமானாலும், விலக்கு உள்ள சில வகைகள் தவிர, கர்நாடகாவின் 1976ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டப்படி மர அதிகாரியிடம் அனுமதி வாங்காமல் வெட்ட முடியாது என்பதைக்கூட அவர்கள் பேசவில்லை.

மூன்றாவதாக வந்த குழு முதல் நாள் டேப்பும் சுண்ணாம்பு மூட்டையுமாக வந்தது. வாசலில் நிற்கும் புளியமரத்தை நெஞ்சுயரத்தில் சுற்றி அளந்தார்கள், 190 செ.மீ. அப்படியென்றால் விட்டம் 60 செ.மீ., வேரைக் காக்க வேண்டிய தூரத்துக்கு அதை 12ஆல் பெருக்க வேண்டுமாம், 7.2 மீட்டர். அடிமரத்திலிருந்து அவ்வளவு தூரத்துக்கு வட்டமாகச் சுண்ணாம்பு போட்டு, இதற்குள் அஸ்திவாரமும் கூடாது, லாரியும் ஏறக்கூடாது என்றார்கள். சத்து உறிஞ்சும் வேர் பெரும்பாலும் மேலே இரண்டடி மண்ணுக்குள்தான் இருக்குமாம், வண்டி ஏறி மண் இறுகிவிட்டால் காற்றும் தண்ணீரும் இறங்காமல் மரம் உடனே சாகாது, மூன்று நான்கு வருடம் கழித்துக் காயுமாம். 23 மரத்துக்கும் வட்டம் போட்டு முடித்தபோது மிச்சமிருந்த வெள்ளை இல்லாத இடம்தான் எங்கள் வீடுகளும் பாதைகளும். பாதை வளைந்து வளைந்து போவது அதனால்தான். ஏப்ரல் வெயிலிலும் கேட்டிலிருந்து கடைசி வீடு வரை முக்கால்வாசி தூரம் நிழலிலேயே நடக்கலாம். முட்டிவலிக்கார என் அத்தை நடுவில் இரண்டு பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்துவிடுகிறார்.

கார் இல்லாததைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். பார்க்கிங் கேட்டருகே. சிலிண்டருக்குத் தள்ளுவண்டி. தண்ணீர்த் தொட்டியையும் கேட்டோரமாகவே வைத்தார்கள், 2024 கோடையில் டேங்கரே கதி என்று கிடந்தபோது அதன் அருமை தெரிந்தது. ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் நுழைய ஒரே ஒரு பாதையை மட்டும் அகலமாக விட்டிருக்கிறார்கள். நாலு வயசுப் பிள்ளைகளைத் தனியாக வெளியே விட முடிகிறது, எனக்கு இது ஒன்றே போதும்.

இப்போது குறை. வட்டங்களெல்லாம் வீட்டு பிளானில் இருந்தன, கழிவுநீர்க் குழாய்க்கு வேறு தாள். அதில் மரமே இல்லை. ஒருநாள் நாங்கள் யாரும் சைட்டில் இல்லாதபோது ஜேசிபி நேர்க்கோடாக மூன்றடி ஆழம் பள்ளம் தோண்டிக்கொண்டு பலாமரத்தை ஒட்டிப் போய்விட்டது. சாயங்காலம் போய்ப் பார்த்தால் கைத்தடிமன் வேர்கள் பள்ளத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்டு, பால் வடிந்து நிற்கின்றன. அடுத்த வருடமே மரத்தின் கிழக்குப் பக்கம் இலை உதிர்ந்து மொட்டையாகிவிட்டது. அந்த மரத்தடிக்காகவே அந்த வீட்டைக் கேட்டு வாங்கியவர்கள் நாங்கள், இன்னும் ஆறவில்லை. ஆர்க்கிடெக்ட் குழுவைக் கேட்டபோது காண்டிராக்டர் தப்பு என்றார்கள். தாள் உங்களுடையதுதானே என்றேன், பதில் இல்லை. மற்ற மரங்களுக்கு அப்புறம் கடப்பாறையால் கையால் தோண்டி, வேருக்கு அடியில் குழாயை நுழைத்தார்கள். முதலிலேயே இதைச் செய்திருக்கலாம்.

பீஸ் வழக்கத்தைவிட அதிகம், வரையவே நாலு மாதம் ஆயிற்று. இருந்தாலும் மரம் உள்ள இடம் வைத்திருப்பவர்களுக்கு இவர்களையே சொல்வேன், பெயர் வேண்டுமென்றால் தனியாகக் கேளுங்கள். ஒன்று மட்டும்: குழாய், மின்சாரக் கேபிள், மழைநீர் வாய்க்கால் எல்லாவற்றையும் மர வட்டங்களோடு ஒரே தாளில் வரைந்து வாங்கிவிட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள்.