தோல் தைக்கிற கை மெஷின்: பெடல் போடலாமா, மோட்டார் போடலாமா, இல்ல அப்படியே விட்டுடலாமா?

முதல்லயே சொல்லிடறேன், வேகமா தைக்கலாம்னு நெனச்சு கை மெஷின பெடலுக்கு மாத்தப் போறீங்கன்னா மாத்தாதீங்க. வேகம் பெருசா ஒண்ணும் கூடாது, கூடினாலும் தோலுக்கு அது ஆகாது. பெடலுக்கு மாறுறதுல உருப்படியான லாபம்னா இன்னொரு கை ஃப்ரீ ஆகுறதுதான். அத வச்சுத்தான் இங்க எல்லாத்தையும் ஒப்பிட்டிருக்கேன்.

நான் சொல்றது செருப்பு ஷூ ரிப்பேர் பண்றவங்க வச்சிருக்கிற அந்த வார்ப்பிரும்பு கை மெஷின். சைனாலருந்து வர்றது, ஒல்லியா நீளமா ஒரு கை மாதிரி நீட்டிட்டு இருக்கும், ஃபுட்டு (தோல அமுக்கிப் புடிக்கிற பாதம்) முழுசா ஒரு சுத்து திரும்பும், தோல மேலருந்தே புடிச்சு இழுக்கும். பழைய சிங்கர் 29கே கூட இதே வேலைக்கான மெஷின்தான், ஸ்காட்லாந்துல கிளைட்பேங்க் ஃபேக்டரில செஞ்சது, அது எங்கயாவது பெடல் ஸ்டாண்டோட கிடைச்சா யோசிக்காம வாங்கிடுங்க, இந்தக் கட்டுரையே உங்களுக்குத் தேவையில்ல.

சரி, கையிலயே சுத்துறதுல என்ன கஷ்டம்? ரிப்பேர் வேலைக்கு ஒரு கஷ்டமும் இல்ல. ஸ்கூல் ஷூ ஓரம் பிஞ்சிருக்கும், பேக் வார் அந்திருக்கும், பத்து தையல் இருபது தையல் போட்டா முடிஞ்சுது. ஒரு சுத்துக்கு ஒரு தையல், ஊசி எங்க நிக்கணுமோ அங்க நிறுத்தலாம், தடிப்பான இடம் வந்தா கைக்கே தெரியும், அழுத்தம் ஏறுதுன்னு உடனே நிறுத்திடலாம். இந்த கன்ட்ரோல் பெடல்லயும் கிடையாது மோட்டார்லயும் கிடையாது. குன்னூர், கோத்தகிரி பஸ் ஸ்டாண்டு பக்கம் சின்னதா கடை போட்டிருக்கிறவங்க யாராவது மாத்தலாமான்னு கேட்டா வேண்டாம்னுதான் சொல்வேன்.

நீளமான தையல் வரும்போதுதான் விஷயம் மாறுது. ஊட்டி ஏரி பக்கமும் கொடைக்கானல் ஏரி பக்கமும் டூரிஸ்ட் குதிரை ஓட்டுறவங்க இருக்காங்கல்ல, அவங்க கொண்டு வர்றது சேணத்தோட வயித்துப்பட்டி, கடிவாள வார் மாதிரி சமாச்சாரம். ஒரு மீட்டர் வார்ல 5 மில்லிமீட்டர் தையல்னா 200 தையல். ஒரு கைல சுத்திக்கிட்டே இன்னொரு கைல மட்டும் அந்த தடிச்ச தோல நேரா புடிக்கணும், நடுவுல கை மாத்தி புடிக்கிற ஒவ்வொரு தடவையும் தையல் ஒரு நூல் கோணும். வார்ல கோணல் தையல் அழகுப் பிரச்சனை மட்டும் கிடையாது, ஓரத்துக்கு ரொம்ப கிட்ட போன தையல் இழுப்பு வந்தா தோலயே கிழிச்சுக்கிட்டு வந்துடும், மேல ஒரு ஆள் உக்காந்திருப்பாரு.

இப்ப பெடல். எல்லாரும் முதல்ல நெனக்கிறது வீட்ல சும்மா கிடக்கிற தையல் மெஷின் ஸ்டாண்டு. நல்ல யோசனைதான், ஆனா கணக்கு ஒண்ணு இருக்கு. அந்த ஸ்டாண்டுல கீழ இருக்கிற பெரிய வீல் சுமாரா 12 இன்ச், துணி மெஷின்ல பெல்ட் ஓடுற காடி சுமாரா 3 இன்ச், அதனால ஒரு மிதிக்கு நாலு தையல். செகண்டுக்கு ஒரு மிதின்னு வச்சா நிமிஷத்துக்கு 240. துணிக்கு அது சரி. தோலுக்கு அது பைத்தியக்காரத்தனம், அதுவுமில்லாம நாலு மடங்கு வேகம்னா ஊசிக்குப் போற பலம் நாலுல ஒரு பங்கு ஆயிடும், ரெண்டு மடிப்பு தோல்லயே ஊசி பாதில நின்னுடும். நிறைய பேர் 'பெடல் போட்டேன் வேலைக்கே ஆகல'ன்னு சொல்றது இதனாலதான், பெடல் மேல தப்பில்ல, புல்லி (பெல்ட் ஓடுற காடி வெட்டின வீல்) சைஸ் மேல தப்பு.

மெஷின் பக்கமும் 12 இன்ச் காடி வச்சா ஒரு மிதிக்கு ஒரு தையல், நிமிஷத்துக்கு 60. மேல சொன்ன 200 தையல் மூணரை நிமிஷத்துக்குள்ள முடியும். கையில சுத்தினாலும் கிட்டத்தட்ட அதே நேரம்தான் ஆகும், அதத்தான் ஆரம்பத்துலயே சொன்னேன். கை பழகினப்புறம் 8 இன்ச்சுக்கு போனா ஒரு மிதிக்கு ஒண்ணரை தையல், நிமிஷத்துக்கு 90, அதுக்கு மேல ஆசப்படாதீங்க. கைப்பிடி இருக்கிற வீல்லயே காடி வெட்ட முடியுமான்னு லேத்துல கேளுங்க, விளிம்பு மெல்லிசா இருந்தா வெட்ட விடாதீங்க, தனியா புல்லி செஞ்சு வீல் மேல போல்ட் அடிச்சுக்கலாம். கோயம்புத்தூர் லேத் பட்டறைகள்ல இது அரை நாள் வேலை. புல்லி கொஞ்சம் கனமா இருக்கட்டும், சுத்துற இரும்போட எடைதான் மிதி மேலயும் கீழயும் திரும்புற அந்த செத்த இடத்துல ஊசிய தோலுக்குள்ள தள்ளிட்டுப் போகும்.

இன்னொரு முக்கியமான விஷயம், இத யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. இந்த மெஷினோட பெருமையே அந்த ஒல்லிக் கைதான், பூட்ஸுக்குள்ள விட்டு தைக்கலாம். வீட்டு ஸ்டாண்டோட பலகை மேல நடுவுல தூக்கி வச்சுட்டீங்கன்னா பூட்ஸ மாட்டவே முடியாது, பலகை இடிக்கும். பலகைய அறுத்து மெஷினோட கை ஓரத்த தாண்டி வெளிய நீட்டிட்டு இருக்கிற மாதிரி வைக்கணும். அப்படி வச்சா முன்பாரம் ஏறி ஸ்டாண்டு ஆடும், பின்னாடி கால் ரெண்டையும் தரையில போல்ட் அடிச்சே ஆகணும். மெஷின் வீல் கீழ இருக்கிற வீலுக்கு நேரா வர்ற மாதிரி திருப்பி வைங்க, துணி மெஷின் உக்காந்த அதே போக்குல இது உக்காரும்னு நம்பாதீங்க. பெல்ட் கோணலா ஓடினா காடிய விட்டு குதிச்சுக்கிட்டே இருக்கும். வீல் தலைகீழா சுத்துற மாதிரி அமைஞ்சுட்டா பெல்ட்ட எட்டு போட்ட மாதிரி குறுக்க மாட்டுங்க, திசை மாறிடும்.

பெல்ட்டுன்னா நம்ம மலைக்கு தனிக் கதை. தோல் பெல்ட் ஈரத்த குடிச்சா நீளும், ஜூன் ஜூலைல மூடுபனிக்குள்ள கடைய திறந்து வச்சா மதியத்துக்குள்ள தொளதொளன்னு ஆயிடும், வெட்டி கிளிப்ப மறுபடி போடணும், ஜனவரி வெயில்ல காஞ்சா அதே பெல்ட் விறைச்சுக்கும். அப்பப்ப ஒரு துளி விளக்கெண்ணெய் தடவினா காயாம புடிப்போட இருக்கும். பச்சை கலர்ல வர்ற பியூ (பாலியூரித்தேன்) பெல்ட் இங்க நல்லா உழைக்குது, ரெண்டு நுனியையும் சூடு பண்ணி அமுக்கினா ஒட்டிக்கும், எனக்கு அதுதான் புடிச்சிருக்கு.

மோட்டார் பக்கம் வருவோம். துணி மெஷின்ல பக்கத்துல மாட்டுற குட்டி மோட்டார் பேச்சுக்கே இடமில்ல, தோல்ல திணறி சூடாகி புகை வரும். கார்மென்ட்ஸ் மெஷின்ல வர்ற, எப்பவும் முழு வேகத்துல சுத்திக்கிட்டே இருக்கிற கிளட்ச் மோட்டார் நிமிஷத்துக்கு 1440 இல்ல 2880 சுத்து, ஆறுக்கு ஒண்ணுன்னு குறைச்சாலும் நிமிஷத்துக்கு 240, 480 தையல், விரல் போயிடும். வைக்கறதுன்னா 550 வாட் சர்வோ (வேகத்த நாமளே கூட்டிக் குறைச்சுக்கிற மோட்டார்), 2 இன்ச் புல்லிலருந்து 12 இன்ச்சுக்கு. மோட்டார் 300 சுத்தினா மெஷின் 50 தையல் போடும், உச்ச வேகத்த 600ல பூட்டி வச்சுடுங்க. வேலை சுத்தமா இருக்கும், சத்தமும் கம்மி. சர்வோதான் மெதுவா ஓடும்ல, எதுக்கு பெரிய புல்லின்னு விட்டுடாதீங்க, ரொம்ப மெதுவா ஓடும்போது அதுக்கு பலம் குறையும், புல்லிதான் அத ஈடு கட்டும்.

பேக், பெல்ட்டுன்னு தினமும் தைக்கிற பட்டறைக்கு சர்வோதான் சரி, முட்டி வலி உள்ளவங்களுக்கும் அதுதான், நாள் பூரா மிதிக்க முடியாது. ஆனா கூடலூர், பந்தலூர் பக்கம் மழை சீசன்ல மரம் லைன் மேல சாஞ்சா கரண்ட் எப்ப வரும்னு யாருக்குத் தெரியும், ஆர்டர் வாங்கி வச்சுட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான். காசும் இடிக்கும், சர்வோ விலைய கேட்டா மெஷின் விலைக்கே பக்கத்துல வரும், பழைய ஸ்டாண்டு இரும்பு விலைக்கே கிடைக்கும். அதனால சேணம், வார் வேலை ஓரளவு வர்ற, தனி ஆளா உக்காந்து செய்யறவங்களுக்கு என் ஓட்டு பெடலுக்குத்தான். கைப்பிடிய மட்டும் கழட்டி தூக்கிப் போட்டுடாதீங்க, பூட்ஸ் மூக்குல தைக்கும்போது பெல்ட்ட கழட்டிட்டு கையில சுத்துறதுதான் நல்லது.

எதையும் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் பண்ணுங்க. வீட்ல பசங்க யாரையாவது கூப்பிட்டு கைப்பிடிய ஒரே சீரா மெதுவா சுத்தச் சொல்லிட்டு, நீங்க ரெண்டு கையாலயும் வார புடிச்சு ஒரு மீட்டர் தைங்க. தையல் நேரா வந்துச்சுன்னா ஸ்டாண்டு தேட ஆரம்பிக்கலாம். அப்பவும் கோணுதுன்னா ஊசி வளைஞ்சிருக்கு, இல்ல ஃபுட்டோட பல் தேஞ்சிருக்கு, அத முதல்ல பாருங்க.