மணி அடிக்கப் பயந்தவளின் மதிப்புரை: டோஸ்ட்மாஸ்டர்ஸ் தமிழ் மன்றம்

சிங்கப்பூரின் துவாஸில் ஒரு சரக்குக் கிடங்கில் 9 வருடமாக வேலை பார்க்கிறேன். ஷிப்ட் இன்சார்ஜ் பொறுப்பு இரண்டு முறை என்னைத் தேடி வந்தது, இரண்டு முறையும் "பிள்ளைக்கு பிஎஸ்எல்இ வருது சார்" என்று தொடக்கப்பள்ளி ஆறாம் வகுப்பு இறுதித் தேர்வைக் காரணம் சொல்லி நழுவிவிட்டேன். எனக்கு ஒரே பிள்ளை. இரண்டாவது முறை அதைச் சொன்னபோது அவள் உயர்நிலை இரண்டில் படித்துக்கொண்டிருந்தாள், நல்ல வேளை மேலாளர் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. உண்மைக் காரணம், ஷிப்ட் தொடங்கும்போது 14 பேரை வரிசையாக நிறுத்தி 5 நிமிடம் பேச வேண்டும். அவ்வளவுதான். அந்த 5 நிமிடத்துக்குப் பயந்து சம்பள உயர்வையே வேண்டாம் என்றவள் நான்.

முதலில் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். 25 வயது நிரம்பிய சிங்கப்பூரர்களுக்கு, வகுப்புகளில் சேர்ந்து திறன் வளர்த்துக்கொள்ள அரசாங்கம் 2016இல் கொடுத்த 500 வெள்ளி ஸ்கில்ஸ்பியூச்சர் பணம் தொடாமல் கிடந்தது, அதைப் போட்டு ஓர் இடத்தில் இரண்டு நாள் தலைமைத்துவ வகுப்புக்குப் போனேன். மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது, அதை மறைக்கக் கூடாது. உங்கள் பயத்தை மஞ்சள் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போங்கள் என்றார்கள், ஒட்டினேன். அது சுவரில் தங்கவில்லை, என்னோடு பஸ் ஏறி வீட்டுக்கே வந்துவிட்டது. சான்றிதழ் அலமாரியில் இருக்கிறது.

அப்புறம்தான் எங்கள் கிடங்கின் கணக்குப் பிரிவு அக்கா ஒருவர், "சும்மா வந்து உக்காரு, நீ ஒண்ணும் பேச வேண்டாம்" என்று சமூக மன்றத்தில் நடக்கும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற, மேடையில் பேசிப் பழகும் மன்றத்தின் தமிழ்க் கூட்டத்துக்கு இழுத்துப் போனார். பேச வேண்டாம் என்றது பச்சைப் பொய். வந்த விருந்தினரையும் விடாமல் எழுப்பிவிட்டார்கள். டேபிள் டாபிக்ஸ் என்று ஒரு பகுதி, தலைப்பை அந்த நிமிடத்தில்தான் சொல்வார்கள், ஒன்று முதல் 2 நிமிடம் பேச வேண்டும். எனக்கு வந்த தலைப்பு 'குடை'. பேச்சில் எத்தனை முறை தடுமாறுகிறோம் என்று எண்ணுவதற்கே ஒருவர் அங்கே உட்கார்ந்திருப்பார். கடைசியில் அவர் எழுந்து, நான் 19 முறை "வந்து" சொன்னதாக அறிவித்தார். குடையைப் பற்றி நான் சொன்னதைவிட அது அதிகம்.

தெரியாதவர்களுக்காக: 1924இல் அமெரிக்காவில், கலிபோர்னியாவின் சாண்டா அனா என்ற ஊரில், ரால்ப் ஸ்மெட்லி என்பவர் ஒய்எம்சிஏ கட்டடத்தில் தொடங்கியது இந்த அமைப்பு. 1973 வரை பெண்களை அதிகாரபூர்வமாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஹெலன் பிளாஞ்சர்ட் என்ற பெண்மணி 1970இல் 'ஹோமர்' என்று ஆண் பெயரில் பதிந்துதான் உள்ளே போயிருக்கிறார், 1985இல் அவரே முதல் பெண் சர்வதேசத் தலைவர். இதை நான் படித்தது மூன்றாவது கூட்டத்துக்கு மட்டம் போடலாமா என்று யீஷூன் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் நின்று யோசித்துக்கொண்டிருந்தபோது. அந்த அம்மா பெயரையே மாற்றிக்கொண்டு நுழைந்த இடத்துக்கு, என் சொந்தப் பெயரை அட்டையில் அச்சடித்து வைத்துக் கூப்பிடுகிறார்கள், போக எனக்கு என்ன கேடு என்று நடந்துவிட்டேன்.

இனி சேவையைப் பற்றி. மேடையில் பேசப் பழக்குகிறார்கள் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், அது உண்மைதான். ஆனால் என்னை மாற்றியது பேச்சு இல்லை, நேரம் பார்க்கிற வேலை. தயாரித்த உரை என்றால் 5 முதல் 7 நிமிடம், ஐந்தில் பச்சை, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு. எங்கள் மன்றத்தில் விளக்கு கிடையாது, மூன்று அட்டைகளும் ஒரு சின்னப் பித்தளை மணியும்தான். சிவப்புக்குப் பிறகு 30 விநாடி சலுகை, அதையும் தாண்டினால் மணி அடிக்க வேண்டும்.

எனக்கு முதன்முதலில் இந்த வேலை கொடுத்த அன்று பேசியவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், எழுபதைத் தாண்டியவர், கம்பீரமான குரல். ஏழரை நிமிடம் ஆகிவிட்டது. மணி கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. வாத்தியார் பேசும்போது மணி அடிப்பதா? சிவப்பு அட்டையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் பார்க்க மாட்டாரா என்று கெஞ்சுகிற மாதிரி நின்றேன், கை வலித்ததுதான் மிச்சம், அவர் 9 நிமிடம் 10 விநாடியில்தான் முடித்தார். கூட்டம் முடிந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்தார். "ஏம்மா மணி அடிக்கல? எனக்கு மரியாதை பண்றேன்னு நெனச்சுட்டு மத்த ரெண்டு பேரோட நேரத்த எடுத்து எனக்குக் குடுத்துட்டியே." குரலில் கோபம் இல்லை, அதனால்தான் உறைத்தது. அடுத்த மாதமே மறுபடி அதே வேலையைக் கேட்டு வாங்கினேன், அவரும் அன்று பேசினார், ஏழரை ஆனதும் அடித்தேன். டிங். அவர் பாதி வாக்கியத்தில் நிறுத்தி, கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். எனக்குக் கை நடுங்கி அடங்க அடுத்த உரை முடியும் வரை ஆயிற்று.

அதற்குப் பிறகு மன்றத்தில் ஒரு கூட்டத்தையே நடத்தும் பொறுப்பைத் தருவார்கள். மேடையில் நின்று நடத்துவது சுலபம். அதற்கு முந்தைய ஒரு வாரம் வாட்ஸ்அப்பில் ஆள் பிடிக்கிறோமே, அங்கேதான் உயிர் போகும். கூட்டத்தன்று மாலை நான்கு மணிக்கு ஒரு பேச்சாளர் "அக்கா ஓவர்டைம் போட்டுட்டாங்க, வர முடியாது" என்று செய்தி அனுப்பினார், ஐந்தரைக்கு இன்னொருவருக்குக் காய்ச்சல். யார் கையில் பழைய உரை இருக்கிறது, யாரைக் கேட்டால் முகம் சுளிக்காமல் வருவார், யாரிடம் கெஞ்ச வேண்டும், யாரிடம் நேராகச் சொன்னால் போதும் என்று பஸ்ஸில் உட்கார்ந்தபடி எட்டுப் பேருக்கு அழைத்தேன். வகுப்பில் இரண்டு நாள் கேட்டும் புரியாதது 178ஆம் எண் பஸ்ஸில் புரிந்தது.

குறைகளும் உண்டு. மதிப்பீடு என்ற பெயரில் சர்க்கரைப் பாகு ஊற்றுகிறார்கள், என் மூன்றாவது உரை சொதப்பல் என்று எனக்கே தெரியும், அதற்கும் "அருமை, அற்புதம்" என்றால் நான் எப்படித் திருந்துவது? சிலர் ஒவ்வொரு முறையும் 'அவையோரே, ஆன்றோரே' என்று ஒரு நிமிடத்தை வணக்கத்திலேயே கரைக்கிறார்கள், அந்த உரத்த மேடைத் தமிழைக் கேட்டுப் புதிதாக வரும் இளையர்கள் மிரண்டு போகிறார்கள், இரண்டு பேர் திரும்ப வரவே இல்லை. சந்தா ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மன்றத்துக்கு மன்றம் கொஞ்சம் மாறும், எங்களிடம் விருந்தினராக வந்து பார்க்கக் காசு கிடையாது. அறையில் குளிர்சாதனம் எலும்பைத் துளைக்கும், சால்வை கொண்டு போங்கள்.

தமிழில் பேசிப் பழகி ஆங்கிலம் பேசும் வேலையிடத்தில் என்ன பலன் என்று என் கணவரே கேட்டார். நியாயமான கேள்வி. என் ஆங்கிலம் ஒரு சொட்டுகூட முன்னேறவில்லை. மூன்றாவது முறை பொறுப்பு வந்தபோது பிஎஸ்எல்இயை இழுக்காமல் சரி என்றேன். பொறுப்பேற்ற அன்று இரவு 14 பேர் முன்னால் என் உடைந்த ஆங்கிலத்திலேயே சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் மலாய்க்கார அங்கிள் கடிகாரத்தைப் பார்த்து, அதற்குள் முடிந்ததா என்றார். 3 நிமிடம்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருகிறேன். ஒன்றைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம், ஏழரை மணிக் கூட்டம் ஒரு நாளும் ஏழேமுக்காலுக்கு முன் தொடங்கியதில்லை. பேசுகிறவருக்கு மணி வைத்திருக்கிறார்கள், கூட்டத்துக்கு இல்லை. இதைப் பொதுக்குழுவில் எழுந்து சொன்னேன். அப்படியானால் அரங்க ஒழுங்கை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று பதவியை என் தலையில் கட்டிவிட்டார்கள். ஜூலை 1 முதல் அறைச் சாவி என்னிடம். வருகிறவர்கள் ஏழே காலுக்கே வந்துவிடுங்கள், வாத்தியார் உட்பட.