திருப்பூரா, ஈரோடா? காங்கயத்துக்காரரின் ஓட்டு எங்கே இருக்கலாம்

சொந்த வீடு காங்கயத்தில், வேலை திருப்பூர் பனியன் கம்பெனியில். இப்படி இருப்பவர்கள் எங்கள் பக்கம் நிறைய. காங்கயம் திருப்பூர் மாவட்டம்தான், ஆனால் எம்.பி. ஓட்டு ஈரோட்டுக்குப் போகும். வாக்காளர் பட்டியலில் என் பெயரைத் திருப்பூர் வாடகை வீட்டு முகவரிக்கு மாற்றி, நான் திருப்பூர் தொகுதிக்கு வந்துவிட்டேன்.

ஈரோடு, திருப்பூர் மக்களவைத் தொகுதிகள் இரண்டுமே 2008 தொகுதி மறுசீரமைப்பில் உருவானவை. (1952-லும் திருப்பூர் என்றொரு தொகுதி இருந்தது, அவினாசிலிங்கம் செட்டியார் எம்.பி.யாக இருந்தார், அது பழைய கதை.) கோபிசெட்டிபாளையம், திருச்செங்கோடு, பழனி தொகுதிகளைக் கலைத்துப் பிரித்தபோது காங்கயமும் தாராபுரமும் ஈரோடு மாவட்டத்தில் இருந்தன. திருப்பூர் மாவட்டம் பிறந்தது 2009-ல். கோடு போட்ட பிறகு மாவட்டம் வந்ததால், எட்டு சட்டமன்றத் தொகுதிகள் உள்ள இந்த மாவட்டம் இன்று ஐந்து எம்.பி.க்களிடம் சிதறிக் கிடக்கிறது.

2009-ல் பழைய தொகுதிகளின் எம்.பி.க்களுக்குப் புது எல்லை கைகொடுக்கவில்லை. கோபி எம்.பி.யாக இருந்த இளங்கோவன் ஈரோட்டில் மதிமுக கணேசமூர்த்தியிடம் தோற்றார். பழனி எம்.பி.யாக இருந்த கார்வேந்தன் திருப்பூரில் அதிமுக சிவசாமியிடம் தோற்றார். பிறகு ஈரோடு 2014-ல் அதிமுக, 2019-ல் மீண்டும் கணேசமூர்த்தி, 2024-ல் திமுக பிரகாஷ் என்று மாறிக்கொண்டே வந்தது. திருப்பூரில் முதல் இரண்டு முறை அதிமுக, அடுத்த இரண்டு முறையும் இந்திய கம்யூனிஸ்ட் சுப்பராயன்.

கட்சியைப் பார்த்து நான் மாறவில்லை. சாக்கடைக்கும் தெருவிளக்கிற்கும் எம்.பி. தேவையில்லை, கவுன்சிலரும் எம்.எல்.ஏ.வும் இருக்கிறார்கள். என் சம்பளத்தைத் தொடும் விஷயங்கள் டெல்லியில் முடிவாகின்றன. பஞ்சு இறக்குமதிக்கு 2021-ல் 11 சதவீத வரி வந்தது. நூல் விலை ஏறினால் முதலில் வெட்டு விழுவது ஓவர்டைமில்தான். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் ஏற்றுமதி கம்பெனிகளில் அடுத்த ஆர்டர் வருமா என்பதே பேச்சாக இருந்தது. இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியும் மத்திய அரசு விவகாரம்தான். இதையெல்லாம் மக்களவையில் எழுப்பத் திருப்பூர் எம்.பி.க்கு இருக்கும் நெருக்கடி ஈரோடு எம்.பி.க்கு இருக்காது. அவருக்கு விசைத்தறியும் மஞ்சள் மார்க்கெட்டும் முன்னால் நிற்கும்.

ஆனால் திருப்பூர் தொகுதி முழுக்க பனியன் ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் திருப்பூர் வடக்கும் தெற்கும் மட்டுமே நகரம். கோபி, பவானி, அந்தியூர், பெருந்துறை நான்கும் ஈரோடு மாவட்டம். அங்கே வாய்க்கால் தண்ணீர்தான் முதல் பேச்சு. எம்.பி. அலுவலகத்தில் நேரில் போய் மனு கொடுத்த அனுபவம் எனக்கு இரு பக்கமும் இல்லை. அதனால் யார் கூப்பிட்டால் வருவார்கள் என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

மாற்றுவது சிரமமில்லை: படிவம் 8, முகவரிக்கு வங்கி பாஸ்புக் அல்லது கேஸ் பில். இரண்டு இடத்தில் பெயர் வைத்துக்கொள்ள முடியாது, சட்டம் விடாது. வழக்கமாக வசிக்கும் இடத்தில்தான் பெயர் இருக்க வேண்டும் என்பதால், சனி ஞாயிறு மட்டும் ஊருக்குப் போகிறவருக்குத் திருப்பூர்தான் சரி.

ஒரு இழப்பு உண்டு. பெயர் போனால் ஊர் உள்ளாட்சித் தேர்தல் ஓட்டும் போய்விடும். தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர், ஊரில் காடு தோட்டம் வைத்துப் பஞ்சாயத்துத் தலைவரிடம் காரியம் உள்ளவர், ஈரோட்டிலேயே இருந்துகொள்ளலாம்.