கரண்ட் பில்லை மாசக் கணக்குல பிரிக்கிற ஆப் – எனக்கு ஓகே, ஆனா ரெண்டு மூணு குறை

வீட்டு கரண்ட், கேஸ் கணக்கு வச்சுக்க ஆப் ஏகப்பட்டது கிடக்கு, முக்கால்வாசி வேஸ்ட். ஏன்னா பில்லை எந்த மாசம் கட்டினோமோ அந்த மாசத்துலயே தூக்கிப் போட்டுடும். தமிழ்நாட்டுல ஈபி ரீடிங் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை, அதுக்கப்புறம் கட்டவும் 20 நாள் டைம் இருக்கு, அதனால ஜூன் கடைசில நம்ம கட்டுற காசு ஏப்ரல் நடுவுல இருந்து ஓடுன கரண்ட்டுக்கு. கிராஃப்ல மே மாசம் ஜீரோ, ஜூன் எகிறி நிக்கும். அக்னி நட்சத்திரத்துல ஏசி விடிய விடிய ஓடுனது மே, பழி ஜூனுக்கு.

நான் இப்ப வச்சிருக்கிற ஆப் (பேரு சொல்லல, சொன்னா விளம்பரம்னு கெளம்பிடுவீங்க) பில் தேதியைக் கேக்காம போன ரீடிங் தேதி, இந்த ரீடிங் தேதி ரெண்டையும் கேக்குது. மீட்டர் பாக்ஸ்ல இருக்கிற வெள்ளை அட்டையைப் பாத்து அடிச்சா போதும். உதாரணத்துக்கு ஏப்ரல் 13ல இருந்து ஜூன் 12 வரை 480 யூனிட்னா 60 நாள், நாளைக்கு 8 யூனிட், ஏப்ரலுக்கு 144, மேக்கு 248, ஜூனுக்கு 88ன்னு அதுவே பிரிச்சிடும். அமெரிக்காவுல கட்டடங்களுக்குன்னு இருக்கிற எனர்ஜி ஸ்டார் போர்ட்ஃபோலியோ மேனேஜரும் இப்படித்தான் ஆரம்ப தேதி முடிவு தேதி வாங்கி நாள் கணக்குல பிரிக்கும், அதனால முறை சரியான முறைதான்.

ஆனா இது சராசரி தான், அத மறந்துடக் கூடாது. ஏப்ரல்ல வீட்டைப் பூட்டிட்டு ஊருக்குப் போயிருந்தாலும் அதே 8 யூனிட்டைத் தான் போடும். இதுக்கு ஆப்லயே வழி இருக்கு, மாசம் ஒண்ணாந்தேதி நம்மளே மீட்டரைப் பாத்து நடுவுல ஒரு ரீடிங் சேத்துட்டா அதுக்கு முன்னாடி தனி, பின்னாடி தனின்னு கணக்குப் போட்டுக்கும். எனக்கு ரொம்பப் புடிச்சது இதுதான்.

இப்ப கடுப்பு. யூனிட்டைப் பிரிச்ச மாதிரியே ரூபாயையும் நாள் கணக்குல பிரிச்சுக் காட்டுது, இது எதுக்குன்னே புரியல. நம்ம ஸ்லாப் ரெண்டு மாச மொத்தத்துக்கு, ஆரம்பத்துல கொஞ்சம் யூனிட் ஃப்ரீ, 500ஐத் தாண்டுனா ரேட்டே மாறிடும், இதுல மே மாசத்துக்கு இவ்ளோ ரூபான்னா அது சும்மா ஒரு நம்பர். 500 நெருங்குதுன்னு அலர்ட்டும் காலண்டர் மாசத்தை வச்சு 250ல அடிக்குது, மேல சொன்ன கணக்குல எந்த மாசமும் 250 தாண்டல பாருங்க, ஆனா மொத்தமா 500க்கு வெறும் 20 யூனிட் தான் பாக்கி, அலர்ட் வரவே வராது. ஈபி சைக்கிளுக்குத் தனியா ஒரு பக்கம் வச்சிருக்கணும்.

ரீடிங் எடுக்க வரும்போது வீடு பூட்டியிருந்தா டோர் லாக்னு உத்தேசமா வர்ற பில்லையும் நிஜ ரீடிங் மாதிரியே எடுத்துக்குது, அடுத்த பில்லுல சரிபண்ணி வரும்போது கிராஃப் கோணலாயிடும். அந்த மாதிரி பில்லை ஏத்தாம விட்டுட்டு அடுத்த ரீடிங் வந்ததும் நாலு மாசத்துக்கும் சேத்து ஒரே என்ட்ரியா போட்டுடுங்க.

கேஸ் பக்கம் சுமார். சிலிண்டர் வந்த தேதியைத் தான் கேக்குது, ரெண்டு சிலிண்டர் வீட்ல வந்தது ஓரமா நிக்கும், அதனால ரெகுலேட்டர் மாத்துன தேதியைப் போட்டு 14.2 கிலோவை அடுத்த தடவை மாத்துற வரைக்கும் பிரிச்சா ஓரளவு சரியா வருது.

ஒரே மீட்டர்னா ஃப்ரீ வெர்ஷனே தாராளம். மாடி போர்ஷனுக்குத் தனி மீட்டர் இருந்தா காசு கேக்கும், எனக்கென்னவோ அதுக்கு எக்செல்லே போதும்னு தோணுது. அஞ்சுக்கு மூணரை.