நரம்புக்கு எந்தக் குளிசை? நான்கு ஒட்சியேற்ற எதிரி மருந்துகளின் ஒப்பீடு

கால் எரிகிறது, விறைக்கிறது, ஞாபகம் குறைகிறது என்று கல்முனையிலோ மட்டக்களப்பு நகரிலோ ஒரு பாமசியில் சொன்னால், அல்பா லிப்போயிக் அமிலம், விற்றமின் ஈ, கோஎன்சைம் கியூ 10 ஆகியவற்றில் ஒன்று கையில் வந்து சேருவதற்கு வாய்ப்பு அதிகம். மூன்றும் ஒட்சியேற்றத்தைத் தடுப்பவை என்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை எடுக்கலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். மருத்துவ ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. வைத்தியசாலையில் ஊசிவழியாக ஏற்றப்படும் எடரவோனையும் சேர்த்து, இந்த நான்கையும் இங்கே ஒப்பிடுகிறேன்.

நம் உடல் எடையில் ஏறக்குறைய 2 சதவீதமே உள்ள மூளை, உடல் பயன்படுத்தும் ஒட்சிசனில் ஏறக்குறைய 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. அந்த ஒட்சிசனைச் சக்தியாக மாற்றும் இழைமணிகளிலிருந்து சுயாதீன மூலிகங்கள், அதாவது பிற மூலக்கூறுகளைத் தாக்கும் நிலையற்ற துணிக்கைகள், கசிகின்றன; ஒட்சியேற்ற எதிரிகள் அடக்க முயல்வது இவற்றைத்தான். நரம்புக்கலத்தின் மென்சவ்வில் எளிதில் ஒட்சியேறும் கொழுப்பு நிறைந்திருப்பதால் அவை அங்கே சங்கிலித் தொடராகச் சேதம் விளைவிக்கின்றன. இடுப்பிலிருந்து கால்விரல் வரை ஏறக்குறைய ஒரு மீற்றர் நீளும் நரம்பிழைகளுக்கு இந்தச் சுமை இன்னும் அதிகம். நீரிழிவில் பாதிப்பு முதலில் பாதத்தில் தெரிவதற்கு அந்த நீளமும் ஒரு காரணம்.

நம் பகுதியினருக்கு மிகவும் பொருந்துவது அல்பா லிப்போயிக் அமிலம்தான், ஏனெனில் நீரிழிவு நரம்புப் பாதிப்புக்காகவே அது அதிகம் ஆராயப்பட்டிருக்கிறது. நீரிலும் கொழுப்பிலும் கரையும் இது, நரம்புக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நுண்குழாய்களின் ஓட்டத்தையும் ஓரளவு சீராக்குவதாகக் கருதப்படுகிறது. 2006 இல் வெளியான ஓர் ஆய்வில், 181 நோயாளிகள் ஐந்து வாரங்கள் வாய்வழியாக இதை எடுத்தபோது, நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் பெற்றவர்களின் எரிவு, குத்தல், விறைப்பு ஆகியவற்றின் மொத்தப் புள்ளி ஏறக்குறைய 51 சதவீதம் குறைந்தது. மருந்தில்லாத வெறுங்குளிசை பெற்றவர்களுக்கோ 32 சதவீதம் குறைந்தது. 1200, 1800 மில்லிகிராம் எடுத்தவர்களுக்குக் கூடுதல் நன்மை கிடைக்கவில்லை, குமட்டல்தான் கூடியது. ஆனால் 460 பேரை நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2011 இல் வெளியான ஆய்வு, தான் முதன்மையாக எடுத்துக்கொண்ட அளவீட்டில் வேறுபாடு காணவில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிட்டு 2024 இல் வெளியான கொக்ரேன் தொகுப்பாய்வும், ஆறு மாத முடிவில் அறிகுறிகளில் பயன் மிகக் குறைவாகவோ இல்லாமலோ இருக்கலாம் என்றே கூறுகிறது. ஆகவே சில வாரங்களுக்கு எரிவைத் தணிக்க இதை முயன்று பார்ப்பது நியாயம்; நரம்பைக் காக்கும் என்று நம்பி ஆண்டுக்கணக்கில் பணம் செலவழிப்பதற்குச் சான்று போதாது.

எரிவு அடங்குவதும் நரம்பு குணமாவதும் ஒன்றல்ல என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. களுவாஞ்சிகுடியில் இருக்கும் என் பெரியம்மா, எரிச்சல் நின்றுவிட்டதென்று மகிழ்ந்திருந்தவர், ஒருநாள் "செருப்புக் கழண்டதே தெரியல்ல மனே" என்றார். கிளினிக்கில் 128 ஹேர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி அவருடைய பெருவிரல் எலும்பில் வைத்தபோது அதிர்வையே அவர் உணரவில்லை. அதே கவையைக் கணுக்காலில் வைத்ததும் "இப்ப தெரியுது" என்றார். நரம்பிழைகள் செத்துப்போவதாலும் எரிவு நின்றுபோகும்.

விற்றமின் ஈ சங்கிலிச் சேதத்தை மென்சவ்வுக்குள்ளேயே நிறுத்துவது. கோட்பாட்டளவில் இதைவிடப் பொருத்தமான பாதுகாவலன் இல்லை எனலாம். ஆனால் ஆரம்பநிலைப் பார்க்கின்சன் நோயாளிகள் 800 பேருக்கு நாளொன்றுக்கு 2000 சர்வதேச அலகுகள் கொடுத்துப் பார்த்த அமெரிக்க-கனேடிய ஆய்வு, 1993 இல், எந்தப் பயனும் இல்லை என்று அறிவித்தது. கை நடுங்கத் தொடங்கும் நேரத்தில் மூளையின் கருநிறப் பகுதியில் அசைவைக் கட்டுப்படுத்த உதவும் டோபமைனைச் சுரக்கும் கலங்களின் பெரும் பங்கு ஏற்கெனவே அழிந்திருப்பது அதற்கு ஒரு விளக்கமாக இருக்கலாம். அல்சைமரில் நிலை சற்று மாறுபடுகிறது: 613 பேரைக் கொண்ட 2014 ஆம் ஆண்டு ஆய்வில், அன்றாட வேலைகளைத் தாமே செய்யும் திறன் குறைவது ஏறக்குறைய ஆறு மாதம் தள்ளிப்போனது; ஞாபகத்தில் முன்னேற்றம் இல்லை. மறுபக்கத்தில், 400 அலகுகளை நீண்டகாலம் எடுத்த ஆண்களுக்குச் சுக்கிலச் சுரப்பிப் புற்றுநோய் 17 சதவீதம் அதிகரித்ததை 2011 இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்பரின் எடுப்பவர்களுக்கு இரத்தக் கசிவு அபாயமும் உண்டு. உடலில் விற்றமின் ஈ உண்மையாகவே குறைந்து நடை தள்ளாடும் அரிய நோயில் மட்டும் இது தெளிவாக வேலை செய்கிறது. மற்றவர்களுக்கு ஒரு கைப்பிடி கச்சான் போன்ற உணவே நல்லது.

கோஎன்சைம் கியூ 10 பற்றி நீட்ட வேண்டியதில்லை. பார்க்கின்சன் நோயாளிகள் 600 பேருக்கு 1200, 2400 மில்லிகிராம் கொடுத்த ஆய்வு, பயன் கிட்டாது என்று தெரிந்து இடையில் நிறுத்தப்பட்டு 2014 இல் வெளியானது. விலையும் அதிகம், நரம்புக்காக வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எடரவோனைத்தான் ஆய்வாளர்கள் அதிகம் நம்பினார்கள். ஜப்பான் அதைப் பாரிசவாதத்துக்கு 2001 இலும், தசைகள் படிப்படியாகச் செயலிழக்கும் இயக்க நரம்புக்கல நோய்க்கு 2015 இலும் அனுமதித்தது. அமெரிக்கா 2017 இல் பின்தொடர்ந்தது. இரண்டாவது நோயில், ஆரம்பநிலையிலுள்ள 137 பேரை மட்டும் தேர்ந்தெடுத்த ஆய்வு, 24 வாரங்களில், அன்றாடச் செயற்திறனை அளக்கும் 48 புள்ளி அளவுகோலில், மருந்துக்குச் சாதகமாக ஏறக்குறைய 2.5 புள்ளி வேறுபாட்டைக் காட்டியது. வாய்வழி எடரவோனைக் கொண்டு ஐரோப்பாவில் நடந்த பெரிய ஆய்வோ 2024 இல் பயன் எதையும் காட்டவில்லை. வெளிநாட்டிலிருந்து உறவினர் மூலம் இதை எடுப்பிக்க எண்ணும் குடும்பங்கள், நரம்பியல் நிபுணரிடம் பேசிய பிறகே பணத்தைத் திரட்ட வேண்டும்.

நீரிழிவால் கால் விறைத்தவர், இந்த நான்கில் எதையும் வாங்குமுன், விற்றமின் பி 12 அளவைப் பார்க்குமாறு கிளினிக்கில் கேட்பது மேல். நீரிழிவுக் குளிசையான மெற்போமினை ஆண்டுக்கணக்கில் விழுங்குபவர்களுக்கு அது குறையலாம்; அந்தக் குறைபாடும் இதே விறைப்பையே தரும். அதைக் காலத்தோடு கண்டுபிடித்தால் ஊசியோ குளிசையோ கொண்டு சரிசெய்துவிடலாம். அல்பா லிப்போயிக் அமிலத்தை முயல்வதென்றால், வெறும் வயிற்றில், ஒரு நாளுக்கு 600 மில்லிகிராமுக்கு மேற்படாமல், இரத்தச் சீனி மருந்து எழுதும் வைத்தியருக்குத் தெரிவித்தே தொடங்க வேண்டும். சீனி அளவு தாழ்ந்துபோகவும் கூடும்.