டேர் அகராதி: வரைபடத்தைப் படிக்கத் தெரிந்தால் பொக்கிஷம்

அமெரிக்கப் பேச்சில் ‘கல்லி வாஷர்’ என்று வந்தால், சாதாரண அகராதி ‘பெருமழை’ என்பதோடு நிறுத்திக்கொள்ளும். பேசுபவர் எந்தப் பக்கத்து ஆள் என்பதையும் காட்டிக்கொடுப்பது ‘டேர்’ எனும் அமெரிக்க வட்டார ஆங்கில அகராதி. 1965–70இல் 1,002 ஊர்களில் ஆட்களை நேரில் கேட்டுத் திரட்டியது. அகரவரிசை முடிய 2012 ஆகிவிட்டது.

சொற்களோடு வரும் வரைபடத்தில்தான் பலரும் குழம்புவார்கள். மாநிலங்களின் அளவு நிலப்பரப்பை அல்ல, மக்கள்தொகையை ஒட்டியது. நியூயார்க் வீங்கியும் வயோமிங் சுருங்கியும் தெரியும். முதலில் அந்தச் சொல் பதிவான ஊர்களைக் குறிக்கும் புள்ளிகள் எங்கே குவிகின்றன என்று பாருங்கள், பிறகு மேற்கோள்களின் ஆண்டை. கடைசி மேற்கோள் பழையது என்றால், அந்த வழக்கு இன்று அருகியிருக்கலாம்.

பதில் சொன்னவர்களில் முதியவர்களே அதிகம் என்பதால் இளைஞர் கொச்சைக்கு உதவாது. நாடெங்கும் பொதுவான மரபுத்தொடர்களுக்கு வேறு அகராதிதான். இணையப் பதிப்புக்குச் சந்தா உண்டு. எப்போதாவது புரட்டுபவர்களுக்கு நூலகப் பிரதியே போதும்.